மலை ஏறும் காருக்கு எந்தக் கூலன்ட்?

ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் போய், எஞ்சினைக் குளிர வைக்க ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்டைக் கேட்டால் முதலில் வரும் கேள்வி, "பச்சையா, சிவப்பா?" கார் வாங்கிய புதிதில் எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. தொட்டியை எட்டிப் பார்த்தேன். வெளிறிய சிவப்பு மாதிரி இருந்தது. "சிவப்பு" என்று சொல்லி வாங்கி வந்தேன். அடுத்த முறை அவசரத்துக்கு நின்ற ஒரு கராஜில் பச்சைதான் இருந்தது. "எல்லாம் ஒன்னுதான் தம்பி, கலர் மட்டுந்தான் வித்தியாசம்" என்று ஊற்றிவிட்டார்கள். ஏழெட்டு மாதம் கழித்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். மூடியின் அடியில் செம்மண் குழம்பு நிறத்தில் வழவழவென்று என்னவோ ஒட்டியிருந்தது. விரலால் வழித்தால் ஜெலி போல வந்தது. உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்களில் பாதிக்கு அதே கதிதான். ரேடியேட்டரையே மாற்ற வேண்டியதாயிற்று.

அந்த கராஜில் சொன்னதில் பாதி சரி. நிறம் வெறும் சாயம்தான். எல்லாம் ஒன்று என்பதுதான் பிழை. இந்தக் கட்டுரை முதல் முறையாகக் கார் வாங்கி, அட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் ஓட்டப் போகிறவர்களுக்கு. முச்சக்கர வண்டிக்காரர்கள் தாராளமாக வேறு வேலை பார்க்கலாம். நம் ஊரில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை காற்றிலேயே குளிர்பவை.

மலையில் என்ன வித்தியாசம்?

நுவரெலியாவில் பருப்பு வேக வைத்தவர்களுக்கு இது தெரியும். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாது. கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் ஒரு பாகை முன்னதாகவே கொதித்துவிடும். அட்டனில் ஏறக்குறைய 96 பாகை. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஏறக்குறைய 94.

இதைக் காரோடு சேர்த்துப் பாருங்கள். பல ஜப்பானியக் கார்களில் ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்குவதே 95 பாகை அளவில்தான். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர், மூடியின் ரப்பரும் தேய்ந்து அழுத்தம் பிடிக்காமல் இருக்கிறது என்றால், நுவரெலியாவில் விசிறி சுழலத் தொடங்கும் முன்பே தண்ணீர் கொதித்துவிடும். அதே கார் கொழும்பில் வருடக்கணக்காக ஒரு குறையும் இல்லாமல் ஓடியிருக்கும். "கொழும்பில நல்லாத்தானே ஓடிச்சு" என்று சொல்லி விற்றவர் பொய் சொல்லவில்லை.

இதற்கு இரண்டு காவல் உண்டு. ஒன்று மூடி, மற்றது கூலன்ட். மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. பிரஷர் குக்கர் செய்யும் அதே வேலை. மூடியின் மேல் 1.1 அல்லது 108 என்று போட்டிருந்தால், அது நல்ல நிலையில் இருக்கும்வரை நுவரெலியாவில்கூட வெறும் தண்ணீர் 118 பாகை அளவில்தான் கொதிக்கும். கூலன்டையும் தண்ணீரையும் சரிபாதி கலந்தால் அதற்கு மேல் இன்னும் ஏழெட்டுப் பாகை கிடைக்கும். ஆக, கொதிக்காமல் காப்பதில் மூடியின் பங்குதான் பெரியது. நல்ல கூலன்டுக்குச் செலவழித்துவிட்டுப் பழைய மூடியையே போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அப்படிச் செய்த ஆட்களில் நானும் ஒருவன்.

அப்படியானால் கூலன்ட் எதற்கு? உறைபனிக்கு என்று சிலர் சொல்வார்கள். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லில் வெள்ளையாகப் பனி படிவது உண்மைதான். ஆனால் சரிபாதிக் கலவை மைனஸ் 37 பாகை வரைக்கும் உறையாது. அவ்வளவு நமக்குத் தேவையில்லை. நமக்கு முக்கியமானது துரு. இன்றைய எஞ்சின்களில் அலுமினியம் அதிகம். ரேடியேட்டர் அலுமினியம், எஞ்சின் தலை அலுமினியம், நடுவே இரும்பும் இருக்கும். இரண்டு உலோகம் தண்ணீரில் ஒன்றாகக் கிடந்தால் ஒன்று மற்றதை அரிக்கும். அதைத் தடுக்கும் மருந்துகள் கூலன்டில்தான் இருக்கின்றன. அந்த மருந்து எது என்பதில்தான் கூலன்டுக்குக் கூலன்ட் வேறுபடுகிறது.

வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டி. கூலன்டின் அடிப்படையான எத்திலீன் கிளைக்கோல் அந்த விடயத்தில் தண்ணீருக்குக் கீழேதான். ஆகவே "கூட ஊற்றினால் கூடக் குளிரும்" என்று தண்ணீரே கலக்காமல் ஊற்றினால், கினிகத்தேனை ஏற்றத்திலேயே ஊசி மேலே போகும். பாதிக்குப் பாதி போதும்.

முதல் வேலை: உள்ளே என்ன இருக்கிறது?

காலையில், எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது மட்டும் பாருங்கள். ரேடியேட்டரின் மேல் ரப்பர்க் குழாயைக் கையால் அமுக்குங்கள். சூடில்லாமல் மெதுவாக அமுங்கினால் மூடியைத் திறக்கலாம். விறைப்பாக இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. துணியைப் போட்டுத் திறக்கலாம் என்ற யோசனையே வேண்டாம். நீராவியோடு கூலன்ட் முகத்துக்கு அடிக்கும்.

திறந்ததும் தெளிவாக, கலங்கலில்லாமல் இருந்தால் நல்லது. பீலித் தண்ணீர் போல நிறமே இல்லை என்றால் முன்பு வைத்திருந்தவர் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார். தேயிலைச் சாயம் மாதிரிச் சிவந்து, அடியில் மண்டி இருந்தால் துரு. மேலே எண்ணெய்ப் படலமோ, பால்தேநீர் நிறத்தில் நுரையோ தெரிந்தால் கூலன்ட் வாங்குவதை நிறுத்திவிட்டு நேராக மெக்கானிக்கிடம் போங்கள். எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்பான ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். மஞ்சளாகத் துகள் மிதந்தால் அது அநேகமாகச் சமையல் மஞ்சள்தூள்தான். கசிவை அடைக்க அதைப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கசிவு கொஞ்ச நாளைக்கு நிற்கும், குழாயும் சேர்ந்து அடைபடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது. அதனால் நம் கையில் சுற்றும் கார்களில் பெரும்பாலானவை வயதானவை, பல கை மாறியவை. ஜப்பானில் தொழிற்சாலையில் ஊற்றிய கூலன்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்நேரம் அதன் ஆயுள் முடிந்திருக்கும். வாங்கியவுடன் பழையதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதுதான் நிம்மதி.

இரண்டாவது வேலை: உங்கள் காருக்கு எது?

இதுதான் கட்டுரையின் வயிறு. இங்கே கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

பழைய பச்சைக் கூலன்ட் ஒரு வகை. அதில் சிலிக்கேட், பொஸ்பேட் போன்ற கனிம உப்புகள் உலோகத்தின் மேல் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து காக்கும். அவை சீக்கிரம் தீர்ந்து போகும். இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீற்றர், அவ்வளவுதான். அடுத்த வகையில் கனிம உப்புக்குப் பதிலாகக் கரிம அமிலங்கள் இருக்கும். இவை மெதுவாகத் தீரும், ஐந்து வருடம் வரை தாங்கும். மூன்றாவது, இரண்டையும் கலந்த வகை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் ஐரோப்பாக்காரர்கள் ஒரு விதமாகக் கலந்தார்கள், ஜப்பான்காரர்கள் வேறு விதமாகக் கலந்தார்கள்.

ஐரோப்பாவில் பல இடங்களில் தண்ணீர் கடினமானது. கடினத் தண்ணீரோடு பொஸ்பேட் சேர்ந்தால் வெள்ளையாகக் காறை படியும். அதனால் அவர்கள் பொஸ்பேட்டை ஒதுக்கிச் சிலிக்கேட்டைச் சேர்த்தார்கள். ஜப்பான்காரர்களுக்குச் சிலிக்கேட்டில்தான் சந்தேகம். அது தண்ணீர்ப் பம்பின் சீலைத் தேய்க்கும் என்று அதை ஒதுக்கிப் பொஸ்பேட்டைச் சேர்த்தார்கள். ஆகவே டொயோட்டா, ஹொண்டா, சுசுகி, நிசான், மிட்சுபிசி வைத்திருக்கும் நமக்கு வேண்டியது பொஸ்பேட் உள்ள, சிலிக்கேட் இல்லாத, ஆசிய வாகனங்களுக்கான நீண்ட ஆயுள் கூலன்ட். கடையில் இந்த மூன்றையும் சொல்லிக் கேளுங்கள்.

நிறத்தை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு டொயோட்டாவே நல்ல உதாரணம். அவர்களின் பழைய கூலன்ட் சிவப்பு. அது தண்ணீர் கலக்க வேண்டியது, இரண்டு வருடத்துக்கொரு முறை மாற்ற வேண்டியது. பிறகு வந்தது இளஞ்சிவப்பு. அதில் தண்ணீர் ஏற்கெனவே கலந்திருக்கும், முதல் தடவை 160,000 கிலோமீற்றர் வரையும் அதன் பின் 80,000 வரையும் தாங்கும் என்பது அவர்கள் கணக்கு. சிவப்புக்கும் இளஞ்சிவப்புக்கும் இடையில் இவ்வளவு தூரம். ஜெர்மன் வோக்ஸ்வேகன் கார்களுக்கான ஜி12 என்பதும் சிவப்பு கலந்த நிறம்தான். மூன்றையும் வெள்ளைக் குவளைகளில் ஊற்றி வைத்தால் கடைக்காரருக்கே அடையாளம் தெரியாது. ஹொண்டாவின் டைப் 2 நீலம். சுசுகி, நிசான் இரண்டிலும் பழைய கார்களில் பச்சை, பிந்தியவற்றில் நீலம். இந்த நீலத்துக்கும் ஜெர்மன் கார்களில் வரும் நீலத்துக்கும் சம்பந்தமே இல்லை.

உங்கள் காருக்கு எது என்று பார்ப்பது எப்படி? கூலன்ட் தொட்டியிலோ, ரேடியேட்டர் தாங்கியிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஜப்பான் எழுத்து என்று விட்டுவிடாதீர்கள். கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து கெமராவை அதன்மேல் பிடித்தால் போதும். டாஷ்போர்டு பெட்டிக்குள் ஜப்பானியக் கையேடு கிடந்தால் அதையும் இப்படியே வாசிக்கலாம். எனக்கு அதிலிருந்துதான் என் காரின் கொள்ளளவு தெரிய வந்தது. அதற்கு முன் மூன்று கராஜில் கேட்டு மூன்று கணக்கு வைத்திருந்தேன்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிப் பேச்சு. அக்வா, பிரியஸ் போன்றவற்றில் எஞ்சினுக்கு ஒரு தொட்டி, பெட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இன்வெர்டருக்கு இன்னொரு தொட்டி. இரண்டுக்கும் டொயோட்டாவின் அதே இளஞ்சிவப்புக் கூலன்ட்தான். இன்வெர்டர் தொட்டியை எட்டிக்கூடப் பார்க்காமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறைய. இன்வெர்டர் போனால் வரும் பில்லைப் பார்த்தால் கூலன்ட் விலை கண்ணுக்கே தெரியாது. இந்தக் கார்களில் மின் பம்புகள் இருப்பதால் காற்றை வெளியேற்றும் முறையும் வேறு. இவற்றை மட்டும் நீங்களே மாற்ற முயலாமல் ஹைபிரிட் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கொழுந்து லொறி, பெரிய பஸ் போன்ற கனரக டீசல் வாகனங்களுக்கு வேறு கூலன்ட். சிலிண்டர்ச் சுவரில் பொட்டுப் பொட்டாகக் குழி விழாமல் காக்கும் மருந்து அதில் தனியாக இருக்க வேண்டும். காருக்கு வாங்கியதில் மிஞ்சியதை அதில் ஊற்றக் கூடாது.

மூன்றாவது வேலை: கடையில்

போத்தலைக் கையில் வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். முன்பக்கப் படத்தில் இருக்கும் காரும் பனிமலையும் ஒன்றும் சொல்லாது. எத்திலீன் கிளைக்கோல் என்ற சொல் இருக்கிறதா? ஜப்பான் தரமான ஜேஐஎஸ் கே 2234 அல்லது அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் டி 3306 என்று போட்டிருக்கிறதா? அப்புறம், இது நேரடியாக ஊற்றும் ப்ரீமிக்ஸா, தண்ணீர் கலக்க வேண்டிய கொன்சன்ட்ரேட்டா? விலையை ஒப்பிடும்போது இதை மறந்துவிடாதீர்கள். நாலு லீட்டர் ப்ரீமிக்ஸில் இரண்டு லீட்டர் தண்ணீர்.

விலை மிகவும் குறைந்த சில போத்தல்களில் கிளைக்கோலே இருக்காது. சாயமும் கொஞ்சம் துருத் தடுப்பானும் கலந்த தண்ணீர், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் மெக்கானிக்கிடம் இருக்கும் கூலன்ட் மானியில் ஒரு துளி விட்டுப் பார்க்கலாம். அது கிடைக்காவிட்டால் ஒரு வீட்டு வைத்தியம்: இறுக்கி மூடக்கூடிய, வீசிவிடக்கூடிய ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் நாலு கரண்டி ப்ரீமிக்ஸை ஊற்றி, பையில் கட்டி, பிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் ஓர் இரவு வையுங்கள். வீட்டு ஐஸ் பெட்டி மைனஸ் 18 பாகை அளவுக்குப் போகும். சரியான சரிபாதிக் கலவை காலையிலும் தண்ணீராக ஆடும். சர்பத் ஐஸ் போல நொறுநொறுவென்று இருந்தால் கிளைக்கோல் குறைவு. கல்லாகிப் போனால் உங்களுக்கு விற்றது சாயத் தண்ணீர். பார்த்து முடிந்ததும் போத்தலோடு வீசிவிடுங்கள், ஏனென்றால் இது நஞ்சு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தச் சோதனையே வேண்டாம்.

கொன்சன்ட்ரேட் வாங்கினால் கலக்கும் தண்ணீரும் வாங்க வேண்டும். கடையில் பெட்டரித் தண்ணீர் என்று கிடைக்கும் வடித்த நீர்தான் நல்லது. பெட்டரி அசிட்டும் அதே தட்டில்தான் இருக்கும், பெயரை வாசித்து எடுங்கள். மலையகத்துப் பீலித் தண்ணீர் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரோடு ஒப்பிட்டால் மென்மையானதுதான். ஆனாலும் மழை பெய்த மறுநாள் ஒரு வாளி பிடித்து வைத்துப் பாருங்கள், அடியில் என்ன படிகிறது என்று தெரியும். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரும் இதற்கு உதவாது. கிருமிதான் சாகும், உப்பு அப்படியே இருக்கும்.

நான்காவது வேலை: வடித்து ஊற்றுவது

எஞ்சின் குளிர்ந்த காலை நேரம். ரேடியேட்டரின் அடியில் ஒரு பிளாஸ்டிக் திருகாணி இருக்கும். அடியில் பழைய பேசின் ஒன்றை வைத்துவிட்டு அதைக் கையாலேயே திருகித் தளர்த்துங்கள். குறடு போட்டுத் திருகினால் உடைந்து கையோடு வரும். வடிந்ததை அளந்து பாருங்கள். இந்த அளவு பின்னால் தேவைப்படும்.

உள்ளே இருந்ததும் நீங்கள் வாங்கியதும் ஒரே வகை, வடிந்ததும் தெளிவாக இருந்தது என்றால் கழுவ வேண்டியதில்லை. திருகாணியை மூடி ப்ரீமிக்ஸை ஊற்றிவிட்டு நேராக ஐந்தாவது வேலைக்குப் போங்கள். என்ன இருந்தது என்றே தெரியாது, அல்லது துரு, கூழ் வந்தது என்றால் கழுவத்தான் வேண்டும். தண்ணீர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் தேர்மோஸ்டாட் திறந்து மேல் குழாய் சூடாகும்வரை எஞ்சினை ஓட விட்டு, மறுபடி முழுதாக ஆறவிட்டு வடியுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை இரண்டு, மூன்று தடவை. கடைசித் தடவை மட்டும் வடித்த நீர். அரை நாள் போகும். சூட்டோடு சூடாக வடிக்கவோ, கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றவோ கூடாது. எஞ்சின் தலை வளைந்துவிடும்.

கழுவியபின் பலர் பிழை விடுவது இங்கேதான். ரேடியேட்டர் வடிந்தாலும் எஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீர் வடியாது. உங்கள் காரின் கொள்ளளவு 5 லீட்டர், வடிந்தது 3 லீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 2 லீட்டர் தண்ணீர் நிற்கிறது. இப்போது 3 லீட்டர் ப்ரீமிக்ஸ் ஊற்றினால் அதில் கூலன்ட் ஒன்றரை லீட்டர்தான். மொத்தம் ஐந்தில் ஒன்றரை, அதாவது 30 வீதம். நல்ல விலை கொடுத்து வாங்கியதை நாமே தண்ணீராக்கிவிட்டோம். கழுவிய காருக்கு அதே வகையில் கொன்சன்ட்ரேட் வாங்க வேண்டும். 5 லீட்டரில் பாதி, இரண்டரை லீட்டர் கொன்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றுங்கள். மிச்ச இடத்துக்கு அரை லீட்டர் வடித்த நீர். உள்ளே நின்ற 2 லீட்டரோடு சேர்ந்து சரிபாதி ஆகிவிடும்.

பேசினில் வடித்த பழைய கூலன்டை என்ன செய்வது? காணுக்குள் ஊற்றாதீர்கள். நம் பக்கத்தில் மேல் வீட்டுக் காண் கீழ் லயத்துக்காரர்களின் ஓடையில்தான் போய்ச் சேரும். எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும், நாய் நக்கிக் குடிக்கும். கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் போய்விடும், மனிதருக்கும் அப்படித்தான். பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தாலும் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பழையதை மூடியுள்ள கேனில் நிரப்பி, கழிவு எண்ணெய் சேர்க்கும் கராஜில் கேட்டுக் கொடுங்கள். குளிர்பானப் போத்தலில் மட்டும் எந்தக் காலத்திலும் ஊற்றி வைக்க வேண்டாம்.

ஐந்தாவது வேலை: காற்றை வெளியேற்றுவது

சமவெளிக்காரர்கள் இதற்காகக் காரின் முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்குவார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. வீட்டு வாசலே ஏற்றம்தான். முன்பக்கம் மேலே இருக்கும்படி காரை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மூடியைத் திறந்தபடி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை இயக்குங்கள். கொஞ்ச நேரத்தில் குமிழி குமிழியாகக் காற்று வரும், மட்டம் இறங்கும், இறங்க இறங்க ஊற்றுங்கள். மேல் குழாயை இடையிடையே அமுக்கிவிட்டால் சிக்கிய காற்றும் வந்துவிடும். ஹீட்டரில் நன்றாகச் சூடு வந்து, குமிழி நின்றதும், விசிறி சுழலும் வரை காத்திராமல் மூடியைப் போட்டுவிடுங்கள். அதற்குள் பொங்கத் தொடங்கினால் எஞ்சினை நிறுத்திவிட்டு விலகி நில்லுங்கள். தொட்டியில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே இருந்தால் போதும்.

மூடியின் ரப்பர் வெடித்தோ விறைத்தோ இருந்தால் புதியது போடுங்கள். பழைய மூடியில் என்ன எண் இருந்ததோ அதே எண். "பெரிய நம்பர் போட்டா கூடத் தாங்கும்" என்பார் யாராவது. தாங்க வேண்டியது மூடி மட்டுமல்ல, பதினைந்து வருடப் பழைய குழாய்களும்தான்.

முதல் ஏற்றம்

கம்பளையிலிருந்து புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்குப் போவதுதான் என் கணக்கில் சரியான பரீட்சை. ஐம்பது, அறுபது கிலோமீற்றருக்குள் ஆயிரத்து முந்நூறு மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். இரண்டாம் கியரில் எஞ்சின் முழு மூச்சாக உழைக்கும், வேகமில்லாததால் ரேடியேட்டருக்குக் காற்று வராது. குடும்பம், பயணப்பை, ஏசி எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பல சின்னக் கார்களில் சூடு காட்டும் ஊசியே கிடையாது. நீல விளக்கு, சிவப்பு விளக்கு மட்டும்தான். சிவப்பு எரியும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். மெக்கானிக்குகள் பழுது பார்க்கும் கணினியைச் செருகும் ஓபிடி துளை காரில் இருக்கும், அதில் செருகும் ஒரு சின்னக் கருவி வாங்கினால் கைபேசியிலேயே பாகை தெரியும். 85க்கும் 95க்கும் இடையில் என்றால் பேசாமல் ஓட்டுங்கள். 100ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் போடுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சினின் சூடு அந்த வழியாகவும் வெளியேறும். அப்படியும் இறங்காவிட்டால் அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்குங்கள். வளைவில் நிற்காதீர்கள். நீராவி வந்தால் எஞ்சினை அணைத்து, பொனட்டைத் திறந்து, முக்கால் மணி நேரம் சும்மா இருங்கள். ரம்பொடையில் பக்கத்திலேயே நீர்வீழ்ச்சி கொட்டும், கை துறுதுறுக்கும். ஆறட்டும், அதன்பின் அந்தத் தண்ணீரையே தாராளமாக ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். ஆபத்துக்குப் பாவமில்லை. ஆனால் வந்த கிழமையே வடித்து மாற்றிவிடுங்கள். டிக்கியில் ஒரு லீட்டர் அதே வகைக் கூலன்ட் கிடந்தால் இந்தப் பாடே இல்லை.

மறுநாள் காலை எஞ்சின் ஆறியபின் தொட்டியைப் பாருங்கள். ஒரு விரல் அளவு இறங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், சிக்கியிருந்த காற்று வெளியேறியிருக்கும். அதே கூலன்டை நிரப்புங்கள். ஒவ்வொரு கிழமையும் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. கடைசியாக, அழியாத மார்க்கர் பேனாவால் தொட்டியின் மேல் கூலன்டின் பெயர், மாற்றிய திகதி, கிலோமீற்றர் மூன்றையும் எழுதி வையுங்கள். என் காரின் தொட்டியில் எழுதியதைப் பார்த்து மெக்கானிக் அண்ணன், "என்னா தம்பி, காருக்கு ஜாதகம் எழுதி வச்சிருக்கியா?" என்று கேட்டார். ஆனால் அன்றைக்கு அவர் எந்த நிறம் என்று கேட்கவில்லை.